எங்கே பார்ப்பது என்று யார் முடிவு செய்வது? ஆந்த்ரே பஸான் என்ற விமர்சகரை அறிந்துகொள்ள ஓர் எளிய தொடக்கம்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு ஏறிச் செல்பவர்கள் லேடீஸ் சீட் காட்சிமுனையை எட்டிப் பார்க்காமல் திரும்புவது அரிது. அங்கே தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெறும் கண்ணால் கீழே பார்த்தால், கைக்கெட்டும் தூரத்துப் பாறையும் புதரும், அதற்குக் கீழே மலைப்பாதையில் முனகிக்கொண்டு ஏறும் பேருந்தும், அதற்கும் அப்பால் வெயிலில் வெளுத்துக் கிடக்கும் சேலம் நகரமும், வானம் தெளிந்த நாளாக இருந்தால் மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பும் ஒரே பார்வையில் அடங்கிவிடுகின்றன. பேருந்தைப் பார்ப்பதா, நகரத்தைப் பார்ப்பதா, பக்கத்தில் மிளகாய் பஜ்ஜிக்கு அடம்பிடிக்கும் குழந்தையைப் பார்ப்பதா என்பது முழுக்க நம் விருப்பம். அதே இடத்தில் ஒரு தொலைநோக்கிக்குள் கண்ணை வைத்தால் நிலைமை மாறிவிடுகிறது. ஒரு கோபுரமோ ஒரு தெருவோ வட்டத்துக்குள் பெரிதாகத் தெரிகிறது. மற்றவை எல்லாம் இல்லாமல் போகின்றன. அந்தக் குழாயை நமக்காக வேறொருவர் திருப்பிப் பிடித்தால், அவர் காட்டுவதை மட்டுமே நாம் காண்கிறோம்.

இந்த இரண்டு வகைப் பார்வைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை வாழ்நாள் முழுவதும் யோசித்த ஒரு பிரெஞ்சு விமர்சகர் உண்டு. அவர் பெயர் ஆந்த்ரே பஸான். அவர் ஒரு முழுநீளப் படத்தைக்கூட இயக்கியதில்லை. நாற்பது வயதில் இறந்துவிட்டார். ஆயினும், சினிமாவைப் பற்றி உலகம் பேசும் விதத்தையும், ஓரளவுக்கு அது எடுக்கப்படும் விதத்தையும், அவருடைய எழுத்து மாற்றியது. அது எப்படி நடந்தது என்பதையும், அவர் விட்டுச்சென்ற கருத்துகளில் முதன்மையான ஒன்றையும், அவரை இதுவரை படித்திராதவர்களுக்காக இங்கே விளக்க முயல்கிறேன்.

முதலில் விமர்சனம் என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் பட விமர்சனம் என்றாலே நம் நினைவுக்கு வருவது மதிப்பெண். ‘16 வயதினிலே’ படத்துக்கு ஆனந்த விகடன் நூற்றுக்கு 62.5 கொடுத்ததை, அந்த விமர்சனத்தில் ஒரு வரியைக்கூட நினைவில் வைத்திராதவர்களும் சொல்வார்கள். சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு நண்பரின் மாடியில் மாதம் ஒருமுறை படம் திரையிட்டுப் பேசும் சிறு குழுவில், கல்லூரி மாணவர் ஒருவர் என்னிடம், “அண்ணா, பாக்கலாமா வேண்டாமான்னு சொன்னாப் போதாதுங்களா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. டிக்கெட்டுக்குப் பணம் கொடுப்பவருக்கு அந்தப் பதில் தேவைதான். ஆனால் அந்தப் பதிலுக்குப் படம் திரையரங்கைவிட்டுப் போகும்வரைதான் பயன் உண்டு. பஸான் செய்த வேலை வேறு. ஒரு படம் நம்மை எப்படிப் பார்க்க வைக்கிறது, அப்படிப் பார்க்க வைப்பதில் நம் சுதந்திரம் கூடுகிறதா குறைகிறதா என்று அவர் கேட்டார். எழுபது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு படத்தை முன்வைத்து அவர் எழுதியது இன்று வேறொரு படத்துக்குப் பொருந்துவதற்கு அதுவே காரணம்.

பஸான் 1918ஆம் ஆண்டு பிரான்சில் ஆஞ்சே என்ற நகரில் பிறந்தார். ஆசிரியராவதற்குப் படித்தார். ஆனால் அவருக்குத் திக்குவாய் இருந்ததால் வாய்மொழித் தேர்வில் தோல்வியுற்றார்; பள்ளிக்கூட வாசல் அவருக்கு மூடப்பட்டது. ஜெர்மானியப் படைகளின் பிடியில் பாரிஸ் இருந்த ஆண்டுகளில் அவர் திரைப்படச் சங்கம் ஒன்றைத் தொடங்கி, தடைசெய்யப்பட்ட படங்களையும் திரையிட்டார். போர் முடிந்தபின், தொழிலாளர்களிடையே பண்பாட்டுப் பணி செய்த ஓர் அமைப்பின் சார்பில் தொழிற்சாலைகளுக்கும் தொழிற்சங்க மன்றங்களுக்கும் படச்சுருள்களோடு போய், படம் காட்டி, முடிந்தபின் அதைப் பற்றிப் பேசினார். வகுப்பறையில் பேசத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்டவர், இருட்டு மண்டபங்களில் விளக்கு எரிந்தபின் எழுந்து நின்று ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஆசிரியராக இருந்தார். நாளிதழிலும் வார இதழ்களிலும் கனமான மாத இதழ்களிலும் ஒரே சமயத்தில் எழுதினார். ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளில் அவர் எழுதிய கட்டுரைகளின் எண்ணிக்கை 2,500ஐத் தாண்டும். அவற்றுள் பெரும்பாலானவை அன்றாடப் பத்திரிகைக் குறிப்புகள். அவருடைய சிந்தனை பல்கலைக்கழக அறையில் விளையாமல் கெடு தேதிகளுக்கு நடுவே விளைந்தது என்பதைப் படிக்கும்போது உணரலாம்.

அவருடைய சிந்தனையின் வேர் 1945இல் வெளியான, புகைப்படத்தைப் பற்றிய ஒரு கட்டுரையில் இருக்கிறது. அதை நம் வீட்டுக் கூடத்திலிருந்தே விளங்கிக்கொள்ளலாம். சுவரில் மாலையிட்டு மாட்டியிருக்கும் தாத்தாவின் புகைப்படம் மங்கலாக, ஓரம் செல்லரித்து, முகம் பாதி நிழலில் இருக்கலாம். அதன் பக்கத்தில் தேர்ந்த ஓவியர் ஒருவர் வரைந்த தாத்தாவின் படம், ஒவ்வொரு மீசை முடியும் தெரியும்படி இருக்கலாம். இருந்தும் வீட்டைக் காலிசெய்யும்போது நாம் முதலில் கையில் எடுப்பது அந்த மங்கலான புகைப்படத்தைத்தான். ஏனென்றால், ஓவியம் தாத்தாவைப் பற்றி ஒருவர் சொன்னது. புகைப்படமோ தாத்தாவின் மேல் பட்ட வெளிச்சம் ஃபிலிமில் தானே பதிந்துவிட்டுப் போன சுவடு. ஈரமண்ணில் பதிந்த காலடியைப் போல, அவர் அங்கே இருந்தார் என்பதற்கு அது சாட்சி. மனிதன் இறப்பை எதிர்த்துத் தன் உருவத்தைக் காப்பாற்றப் பழங்காலத்திலிருந்தே முயன்று வந்திருக்கிறான் என்றும், எகிப்தியர் உடலைப் பதப்படுத்தியதும் சிற்பமும் ஓவியமும் அந்த ஆசையின் வழிகள் என்றும், புகைப்படத்தில் அந்த ஆசை மனிதக் கையின் தலையீடு இல்லாமலே நிறைவேறுகிறது என்றும் பஸான் எழுதினார். புகைப்படம் ஒரு கணத்தை நிறுத்திவைக்கிறது. சினிமாவோ பொருள்களோடு சேர்த்து அவற்றின் காலத்தையும், அவை மாறிக்கொண்டிருப்பதையும் காப்பாற்றுகிறது.

உலகத்தின் சுவட்டைத் தன்மேல் தாங்கிக்கொள்ள வல்ல ஒரு கருவி கையில் இருக்கும்போது, அந்தச் சுவட்டைத் துண்டு துண்டாக வெட்டி, நாம் விரும்பும் பொருளைக் கொடுக்கும்படி ஒட்டுவது சரியா என்பது அவருடைய அடுத்த கேள்வி. இங்கே மாண்டேஜ் என்ற சொல்லை விளக்க வேண்டும். ஷாட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, தனித்தனியாக அவற்றில் இல்லாத ஒரு பொருளை, அடுக்கிய வரிசையினால் உண்டாக்கும் படத்தொகுப்பு முறைக்கு அந்தப் பெயர். ரஷ்யாவில் லெவ் குலஷோவ் செய்து காட்டிய ஒரு சோதனை புகழ்பெற்றது: ஒரு நடிகரின் சலனமற்ற முகத்தைக் காட்டி, அடுத்து ஒரு கிண்ணம் சூப்பைக் காட்டினால் அவர் பசியோடு இருப்பதாகவும், அதே முகத்துக்கு அடுத்துச் சவப்பெட்டியைக் காட்டினால் துயரத்தில் இருப்பதாகவும் பார்ப்பவர்களுக்குத் தோன்றியது. நம் ஊரில் செய்வதானால், பழைய பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரின் முகத்தை எடுத்துக்கொள்வோம். அடுத்த ஷாட்டில் தள்ளுவண்டியில் குவித்த மல்கோவா மாம்பழத்தைக் காட்டினால் அவருக்கு நாக்கில் நீர் ஊறுகிறது. மருத்துவமனை வாசலைக் காட்டினால் அவருக்கு ஏதோ கவலை. பெரியவர் ஒன்றுமே செய்யவில்லை. பசியையும் கவலையையும் தொகுப்பாளர் தருகிறார், நாம் வாங்கிக்கொள்கிறோம். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு செய்பவர்கள் தனித்தனி வளையங்களைக் கோத்துப் பற்றவைப்பதைப் போன்ற வேலை அது. கோத்து முடித்தபின் வளையம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, கொலுசுதான் தெரிகிறது.

இதில் உள்ள கலைத்திறனை பஸான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே பொருள் முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டுவிட்டது என்பதைச் சுட்டிக்காட்டினார். பெரியவரின் முகத்தில் பசியும் கவலையும், இன்னும் நமக்குப் பெயர் தெரியாத வேறொன்றும் கலந்திருந்திருக்கலாம். வாழ்க்கையில் முகங்கள் அப்படித்தான் இருக்கின்றன. வெட்டி ஒட்டும்போது அந்தக் கலவை போய், ஒற்றைப் பொருள் மிஞ்சுகிறது.

இதற்கு மாற்றாக அவர் கண்ட வழிகளுள் முக்கியமானது டீப் ஃபோகஸ். இதைப் புரிந்துகொள்ளக் கைப்பேசியை எடுத்தால் போதும். போர்ட்ரெயிட் மோடில் ஒருவரைப் படமெடுத்தால், அவர் முகம் கூர்மையாகவும் பின்னாலிருக்கும் தெரு கலங்கிய வண்ணக் குழம்பாகவும் விழுகின்றன. முகத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று படமே நமக்கு ஆணையிடுகிறது. சாதாரண முறையில் எடுத்தால் முகமும், பின்னாலிருக்கும் டீக்கடையும், அதற்கும் பின்னால் சைக்கிளில் போகிறவரும் ஏறக்குறைய ஒரே தெளிவில் இருப்பார்கள். அருகிலுள்ளதும் தொலைவிலுள்ளதும் ஒருசேரக் கூர்மையாகத் தெரியும் இந்த நிலைதான் டீப் ஃபோகஸ். இன்று ஒரு விரல் தொடுதலில் கிடைப்பது, 1940களில் எளிதாகக் கிடைக்கவில்லை. அகன்ற கோணம் காட்டும் லென்ஸ் வேண்டும். லென்ஸின் துவாரத்தைச் சிறிதாக்க வேண்டும். துவாரம் சிறிதானால் உள்ளே வரும் ஒளி குறையும் என்பதால் அரங்கத்தில் வெளிச்சத்தைப் பல மடங்கு கூட்ட வேண்டும். குறைந்த ஒளியையும் பற்றிக்கொள்ளும் ஃபிலிமும் வேண்டும். ஹாலிவுட்டில் இவற்றையெல்லாம் சேர்த்து ஒரு பாணியாகவே ஆக்கிக்காட்டியவர் கிரெக் டோலண்ட் என்ற ஒளிப்பதிவாளர்.

டோலண்ட் ஒளிப்பதிவு செய்து ஆர்சன் வெல்ஸ் இயக்கிய ‘சிட்டிசன் கேன்’ அமெரிக்காவில் 1941இல் வெளியானது. போரினால் தடைப்பட்டிருந்த அமெரிக்கப் படங்கள் போர் முடிந்தபின் மொத்தமாக பாரிஸில் வந்திறங்கியபோது, 1946இல், பஸானும் நண்பர்களும் அதைப் பார்த்தார்கள். அதில் ஒரு காட்சி. முன்னே மேசையில் ஒரு தாய், தன் மகனை வேறொருவரின் பொறுப்பில் ஒப்படைக்கும் தாளில் கையெழுத்திடுகிறாள். நடுவில் தந்தை செய்வதறியாமல் நிற்கிறார். வெகு பின்னால், சன்னலுக்கு வெளியே, தன் வாழ்க்கை விலைபோவது தெரியாமல் சிறுவன் பனியில் விளையாடுகிறான். மூவரும் ஒரே சட்டகத்தில், ஒரே தெளிவில் இருக்கிறார்கள். சிறுவனைப் பார், தாயைப் பார் என்று எந்த வெட்டும் நம்மைத் தள்ளவில்லை. நாமே கண்ணை முன்னும் பின்னும் ஓட்டி, அந்த மூன்று தூரங்களுக்கு இடையே இருக்கும் கொடுமையைக் கண்டுபிடிக்கிறோம். அப்படிக் கண்டுபிடித்ததனாலேயே அது நம்மைக் கூடுதலாகத் தாக்குகிறது.

அதே டோலண்ட், வில்லியம் வைலர் இயக்கிய ஒரு படத்துக்காக 1946இல் எடுத்த இன்னொரு காட்சி பஸானுக்கு மிகப் பிடித்தமானது. நான் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுவதும் அதைத்தான். போரிலிருந்து திரும்பிய மூன்று வீரர்கள் ஒரு மதுக்கூடத்தில் இருக்கிறார்கள். முன்னே, போரில் இரு கைகளையும் இழந்த ஒருவர் கொக்கிக் கைகளால் பியானோ வாசித்துக் காட்டுகிறார். அதைப் பார்த்தபடி இரண்டாமவர் நிற்கிறார். தொலைவில், கூடத்தின் கோடியில், தொலைபேசிக் கூண்டுக்குள் மூன்றாமவர் யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறார். அவர் அப்போது பிரிந்துகொண்டிருப்பது இரண்டாமவரின் மகளிடமிருந்து, அதுவும் இரண்டாமவர் கேட்டுக்கொண்டதன் பேரில். கதையின் உயிர் அந்தக் கூண்டுக்குள் இருக்கிறது. ஆனால் அது சட்டகத்தின் மூலையில் ஒரு சிறு பெட்டி. பேச்சு நமக்குக் கேட்பதுமில்லை. கண்ணுக்கு முன்னால் நடக்கும் பியானோ வேடிக்கையும், மனம் போய் நிற்கும் கூண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன. வைலர் அந்தக் கூண்டின் க்ளோஸ்-அப்புக்கு வெட்டியிருந்தால் எல்லாருக்கும் புரிந்திருக்கும். இப்போதும் புரிகிறது, ஆனால் நாமே எட்டிப் பார்த்ததனால் புரிகிறது.

இங்கே ஒரு சிறு வேடிக்கையையும் சொல்லிவிட வேண்டும். ‘சிட்டிசன் கேன்’ படத்தில் டீப் ஃபோகஸுக்கு பஸான் எடுத்துக்காட்டாகச் சொன்ன இன்னொரு காட்சியில், முன்னே மருந்துக் கிளாஸ் பெரிதாகவும், நடுவில் நஞ்சருந்திய மனைவி படுக்கையிலும், பின்னே கணவன் உடைத்துக்கொண்டு நுழையும் கதவும் தெரியும். அது உண்மையான டீப் ஃபோகஸ் அல்ல. ஒரே ஃபிலிமில் பகுதி பகுதியாகத் தனித்தனியே பதிவுசெய்து சேர்த்த தந்திரம். யதார்த்தத்தின் தூதராக பஸான் நிறுத்திய காட்சிகளுள் ஒன்று ஜாலவேலை! இதனால் அவர் வாதம் விழுந்துவிடுவதில்லை என்றே நினைக்கிறேன். பார்வையாளரின் கண்ணுக்கு அந்தச் சட்டகம் கொடுக்கும் சுதந்திரம், அது எப்படி எடுக்கப்பட்டிருந்தாலும், அதேதான். ஆனால் கேமரா பொய் சொல்லாது என்று அவரைப் படித்துவிட்டு நம்பத் தொடங்குபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

படத்தொகுப்பை பஸான் முற்றாக வெறுத்தார் என்பது பரவலான தவறு. எங்கே வெட்டக் கூடாது என்பதற்கு அவர் தெளிவான ஒரு விதியைச் சொன்னார்: ஒரு நிகழ்ச்சியின் சாரமே, இரண்டு அல்லது மூன்று பேர் அல்லது பொருள்கள் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் சேர்ந்திருப்பதில் அடங்கியிருந்தால், அங்கே அவர்களைத் தனித்தனி ஷாட்டுகளாகப் பிரிக்கக் கூடாது. சாப்ளின் சிங்கக் கூண்டுக்குள் மாட்டிக்கொள்ளும் காட்சி நம்மைச் சிரிக்கவும் நடுங்கவும் வைப்பது, சாப்ளினும் சிங்கமும் ஒரே சட்டகத்தில் இருப்பதனால்தான். ஆத்தூர்ப் பக்கம் கூலமேட்டிலோ தம்மம்பட்டியிலோ ஜல்லிக்கட்டு பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த விதியை விளக்கவே தேவையில்லை. திரையில் காளையின் கொம்பு ஒரு ஷாட்டிலும் நாயகனின் முறுக்கிய மீசை இன்னொரு ஷாட்டிலும் வந்தால், இருவரும் ஒரே வாடிவாசலில் நிற்கவில்லை என்று திரையரங்கின் முன்வரிசையிலிருந்தே யாராவது குரல் கொடுத்துவிடுவார்கள்.

குண்டலகேசியின் கதையை வைத்து இந்த விதியைச் சோதித்துப் பார்க்கலாம். கணவன் அவளைக் கொல்வதற்காக மலையுச்சிக்கு அழைத்துச் செல்கிறான். சாகும்முன் உம்மை மூன்று முறை வலம்வர வேண்டும் என்று அவள் கேட்கிறாள். வலம்வரும்போது பின்னாலிருந்து அவனைத் தள்ளிவிடுகிறாள். இதைப் படமாக்க வேண்டுமானால், அவள் கண், அவன் கால், அதலபாதாளம், மறுபடி அவள் கண் என்று வேகமாக வெட்டலாம், பரபரப்பு நிச்சயம். பஸானின் வழியில் எடுப்பதானால், கணவன், மனைவி, பாறை விளிம்பு ஆகிய மூன்றையும் ஒரே சட்டகத்தில் வைத்து, மூன்று சுற்றுகளையும் வெட்டாமல் விட்டுவிட வேண்டும். முதல் சுற்றில் அவள் பணிவான மனைவி. இரண்டாம் சுற்றில் அவளுக்கும் விளிம்புக்கும் உள்ள தூரத்தை நாம் அளக்கத் தொடங்குகிறோம். மூன்றாம் சுற்றில் அவள் அவனுக்குப் பின்னால் போகும் அந்த நொடியை, அவன் காணவில்லை, நாம் காண்கிறோம். இந்தக் கதையைத் தழுவி மு. கருணாநிதி எழுதிய நாடகத்தைத்தான் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950இல் ‘மந்திரி குமாரி’ என்று படமாக்கியது. இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன் ஓர் அமெரிக்கர். ‘வாராய் நீ வாராய்’ பாடலோடு வரும் அந்த மலையுச்சிக் காட்சியை அடுத்த முறை பார்க்கும்போது, எங்கெங்கே வெட்டியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பயிற்சி ஒரு பாடப்புத்தகத்துக்குச் சமம்.

கேமராவை அசைக்காமல் வைத்து, மேடை நாடகத்தைப் போல நேர்முகமாக எடுத்துவிட்டால் அது பஸான் சொன்ன முறையாகிவிடுமா என்று நாடக மரபில் பிறந்த நம் பழைய படங்களை வைத்து ஒருவர் கேட்கக்கூடும். அப்படி ஆகிவிடாது. அங்கே ஆழம் இல்லை. எல்லாரும் ஒரே தூரத்தில் வரிசையாக நின்று நம்மைப் பார்த்து வசனம் பேசுகிறார்கள். கண் தேடிப்போக எதுவும் இல்லை. ஆனால் நாடகத்திலிருந்து வந்தது என்பதற்காக ஒரு படத்தை இளப்பமாகப் பேசுவதையும் பஸான் ஏற்கவில்லை. சினிமா தூய்மையாக இருக்க வேண்டும், இலக்கியமும் நாடகமும் அதில் கலக்கக் கூடாது என்று அவர் காலத்து அறிவாளிகள் சொன்னபோது, நாடகத்தை மறைக்காமல், அதன் நாடகத்தன்மையையே மதித்து எடுத்த படங்களை அவர் ஆதரித்து எழுதினார். வசனத்தால் வளர்ந்த தமிழ் சினிமாவைப் பற்றி வெட்கப்படக் கற்றுக்கொடுக்கப்பட்ட என்னைப் போன்றவர்களுக்கு அந்தக் கட்டுரைகள் பெரிய ஆறுதல்.

டீப் ஃபோகஸ் அவருடைய ஒரு கண் என்றால், எளிய மக்களின் வாழ்க்கையை உண்மையான தெருக்களில், பெரும்பாலும் தொழில்முறை நடிகரல்லாதவர்களை வைத்து எடுத்த இத்தாலிய நியோ-ரியலிசப் படங்கள் மறு கண். திருடுபோன சைக்கிளைத் தேடி ரோம் நகரத் தெருக்களில் அலையும் தந்தையையும் மகனையும் பற்றிய விட்டோரியோ டி சிக்காவின் படம் (1948) குறித்து அவர் எழுதிய கட்டுரை இன்றும் படிக்கத்தக்கது. அதில் தந்தையாக நடித்தவர் ஓர் ஆலைத் தொழிலாளி. தந்தையின் நடைக்குப் பக்கத்தில் மகனின் நடை எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் டி சிக்கா சிறுவனைத் தேர்ந்தெடுத்தார் என்று பஸான் குறிப்பிடுகிறார். முன்னால் நடப்பது, பின்தங்குவது, கையைப் பிடிப்பது, விடுவது. இவற்றின் மாற்றங்களிலேயே அவர்களது உறவு முழுவதும் தெரிந்துவிடுகிறது. சத்யஜித் ராய் 1950இல் லண்டனில் இந்தப் படத்தைப் பார்த்துத்தான் தானும் இவ்வாறே, வெளிப்புறங்களில், புதுமுகங்களை வைத்து எடுக்க முடியும் என்று உறுதிகொண்டார். பாரிஸில் ஒருவர் எழுதவும் கல்கத்தாவிலிருந்து போன ஒருவர் படமெடுக்கவும் ஒரே படம் தூண்டுதலாக அமைந்தது.

1951 ஏப்ரலில், ழாக் தோனியோல்-வால்குரோஸ், லோ டூக்கா ஆகியோரோடு சேர்ந்து பஸான் ‘காயே து சினிமா’ என்ற மாத இதழைத் தொடங்கினார். பிரான்சுவா த்ரூஃபோ, ழான்-லுக் கொதார், கிளோத் ஷப்ரோல், எரிக் ரோமர், ழாக் ரிவெத் ஆகியோர் அந்த இதழில் எழுதிப் பழகி, பின்னாளில் படமெடுக்கப் போனவர்கள். இவர்களில் த்ரூஃபோவின் கதை தனி. பதினாறு வயதில், தான் நடத்திய திரைப்படச் சங்கத்தின் கடனால் சிக்கி, சீர்திருத்த இல்லத்தில் அடைக்கப்பட்ட அந்தப் பையனுக்காகப் பொறுப்பேற்று வெளியே கொண்டுவந்தவர் பஸான். பிறகு இராணுவத்திலிருந்து ஓடிப்போய்ச் சிறைப்பட்டபோதும் அவரே மீட்டு, தன் வீட்டில் தங்கவைத்து, எழுத வைத்தார். த்ரூஃபோ தன் முதல் முழுநீளப் படத்தின் படப்பிடிப்பை 1958 நவம்பர் 10 அன்று தொடங்கினார். மறுநாள், லுக்கேமியா நோயினால் பஸான் இறந்துபோனார். அடுத்த ஆண்டு கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருதைப் பெற்ற அந்தப் படம் பஸானின் நினைவுக்குக் காணிக்கையாக்கப்பட்டிருக்கிறது.

தான் வளர்த்த பிள்ளைகளோடு அவர் ஒத்துப்போகாத இடமும் உண்டு, சேலத்துக்காரர்களுக்கு அது முக்கியமானது. ஒரு படத்தின் உண்மையான படைப்பாளி இயக்குநரே என்றும், பெரிய இயக்குநரின் மோசமான படம்கூடச் சாதாரண இயக்குநரின் நல்ல படத்தைவிட மேல் என்றும் அந்த இளைஞர்கள் வாதிட்டபோது, 1957இல் பஸான் அதே இதழிலேயே அவர்களை மறுத்து எழுதினார். ஹாலிவுட் படங்களின் சிறப்புக்கு இந்த இயக்குநர் அந்த இயக்குநர் என்று பெயர் சொல்கிறீர்களே, ஒரு வளமான மரபையும் தொழில்முறையையும் கொண்ட அந்த அமைப்புக்கே ஒரு மேதைமை இருக்கிறதே, அதை ஏன் வியக்கக் கூடாது என்பது அவர் கேள்வியின் சாரம். டி. ஆர். சுந்தரம் 1935இல் சேலத்தில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸை இந்தக் கேள்வியோடு அணுகிப் பார்க்கலாம். மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956), மலையாளத்தின் முதல் வண்ணப் படம் (1961) என்று பல மொழிகளில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வந்தன. அவற்றை ஒரு தனி மனிதரின் கலைப்பார்வையாக விளக்க முயன்றால் பாதிதான் விளங்கும். தச்சர், வசனகர்த்தா, ஒலிப்பதிவாளர், மாதச் சம்பளம், நேரம் தவறாமை ஆகியவை சேர்ந்த ஓர் ஆலையாகப் பார்த்தால் மீதியும் விளங்கும். ஏற்காடு சாலையில் எஞ்சி நிற்கும் அதன் நுழைவு வளைவின் முன் செல்ஃபி எடுப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம், அந்த ஆலையைப் பற்றி இப்படியொரு கட்டுரையை யாராவது எழுத மாட்டார்களா என்று எனக்கு ஏக்கமாக இருக்கும்.

பஸானுக்குப் பின்வந்தவர்கள் அவரைச் சும்மா விடவில்லை. 1970களின் கோட்பாட்டாளர்கள், கேமரா ஒன்றும் அப்பாவிக் கருவி அல்ல, யதார்த்தம் என்று திரையில் தெரிவதும் ஒருவகைக் கட்டுமானமே, பார்வையாளருக்குச் சுதந்திரம் தருவதாகச் சொல்லும் டீப் ஃபோகஸ் சட்டகத்திலும் எதை எங்கே நிறுத்துவது என்பதை இயக்குநர்தானே முடிவு செய்கிறார் என்று கேட்டார்கள். இது வலுவான மறுப்பு. லேடீஸ் சீட்டில் தடுப்புக் கம்பியை எங்கே நட்டார்கள் என்பதும் நம் பார்வையை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டது அல்லவா? கணினியில் உருவாக்கிய மலைகளும் படைகளும் வந்தபின் சுவடு என்ற அவருடைய முதல் கருத்தே ஆட்டம் கண்டது. அந்த மலையின்மேல் எந்த வெளிச்சமும் பட்டதில்லை, அங்கே எவரும் இருந்ததில்லை. ஆனால் ஒரு காணொளி உண்மையா போலியா என்று நாம் இன்று பதறுகிறோம் என்றால், படம் என்பது நடந்ததன் சுவடு என்ற நம்பிக்கை நமக்குள் இன்னும் சாகவில்லை என்றுதானே பொருள்? போலிகள் பெருகப் பெருக, அவர் 1945இல் கேட்ட கேள்வி கூர்மையாகிக்கொண்டுதான் போகிறது. முழுப்படத்தையும் ஒரே ஷாட்டில் எடுத்தோம் என்று இப்போது விளம்பரப்படுத்துவதை மட்டும் அவர் பெயரோடு சேர்க்க வேண்டாம். வெட்டாமல் இருப்பது அவருக்குச் சாதனைப் பட்டியலில் சேர்க்கும் வித்தை அல்ல. அந்த நிகழ்ச்சிக்கு அது தேவைப்படுகிறதா என்பதே அவர் பார்த்தது.

அவர் இறக்கும்போது எழுதிக்கொண்டிருந்த நூல், அவருக்கு மிகப் பிடித்த இயக்குநரான ழான் ரெனுவாரைப் பற்றியது. ரெனுவார் நமக்கும் அந்நியரல்ல. வங்காளத்தில் ‘தி ரிவர்’ (1951) படத்தை எடுக்க வந்தபோது, இடம் தேடுவதற்கு உதவியவர் இளைஞரான ராய். அதில் முக்கிய வேடமொன்றில் நடித்து ஆடியவர், பின்னாளில் அடையாறு பிரம்மஞான சபையின் தலைவரான ராதா பர்னியர். அரைகுறையாக நின்றுபோன அந்த நூலை த்ரூஃபோ தொகுத்து ஒழுங்குபடுத்த, அது 1971இல் வெளிவந்தது. ரெனுவாரின் 1936ஆம் ஆண்டுப் படம் ஒன்றில், ஒருவன் மாடியிலிருந்து இறங்கி, வீடுகள் சூழ்ந்த முற்றத்துக்கு ஒரு கொலை செய்ய வருகிறான். கேமரா அவனைத் தொடர்ந்து வந்து, திடீரென்று அவனை விட்டுவிட்டு, எதிர்ப்பக்கமாகத் திரும்பி, முற்றம் முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி அவனிடம் வந்து சேர்கிறது. அந்த நூலில் அந்த முற்றத்தின் வரைபடம் ஒன்று இருக்கிறது: படிக்கட்டு இங்கே, அலுவலகம் அங்கே, கேமரா சுழன்ற திசை இது. அவன் போகும் பக்கமே திரும்பியிருந்தால் எளிதாக முடிந்திருக்குமே, கேமரா ஏன் சுற்றிக்கொண்டு போயிற்று என்பதுதான் பஸான் எழுப்பிய கேள்வி. அந்தக் காட்சியை எங்கள் மாடியில் போட்டுக்காட்டியபோது, மதிப்பெண் கேட்ட அதே மாணவர், “முற்றத்துல இருக்கிற எல்லாருக்கும் அதுல பங்கு இருக்குதுங்களே அண்ணா, அதனாலதான் எல்லாரையும் காட்டிட்டு வருது” என்றார். அவர் அந்த நூலைப் படித்ததில்லை.